கட்டிலருகே கற்ற கல்வி



சென்னை சென்ட்ரல் நிலையத்தில் இரயிலை விட்டிறங்கி வெளியே வருவோர் கண்ணில், சாலைக்கு அப்பால் உயர்ந்து நிற்கும் அரசுப் பொது மருத்துவமனை தவறாமல் படும். 2011ஆம் ஆண்டு முதல் அதற்கு இராஜீவ் காந்தியின் பெயர் வழங்குகிறது. ஆயினும் மக்கள் நாவில் அது இன்றும் ‘ஜி. எச்.’ தான். கையில் பழைய மருந்துச் சீட்டும், தோளில் துணிப்பையும், உடன் ஒரு நோயாளியுமாக நாள்தோறும் எத்தனையோ ஊர்களிலிருந்து மக்கள் அங்கே வந்து சேர்கின்றனர். அதனை அடுத்தே சென்னை மருத்துவக் கல்லூரியும் அமைந்திருக்கிறது.

ஏனைய கல்லூரிகளின் பக்கத்தில் நூலகம் இருக்கும், ஆய்வுக்கூடம் இருக்கும். மருத்துவக் கல்லூரியின் பக்கத்தில் மட்டும் இவ்வளவு பெரிய மருத்துவமனை எதற்காக? மாணவர்களாகிய உங்களுக்கு இதற்கு விடை எளிதில் தோன்றும். நோயைப் பற்றி நூலில் படித்துவிடலாம். நோயாளியை அறிய வேண்டுமானால் அவருடைய கட்டிலருகே சென்றுதான் நிற்க வேண்டும். ஆகவே மருத்துவம் பயில்வோர்க்குப் பேராசிரியர் ஓர் ஆசிரியர் என்றால், கட்டிலில் படுத்திருப்பவர் மற்றோர் ஆசிரியர்.

வள்ளுவப் பெருந்தகை ‘மருந்து’ என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுத்துக் காட்டுகிறார். நோயுற்றவர், நோயைத் தீர்ப்பவர், மருந்து, அருகிலிருந்து பேணுபவர் என்பன அந்நான்கு. இவற்றுள் மருத்துவரை அவர் முதலில் வைக்கவில்லை. நோயுற்றவரையே முதலில் வைத்தார். சென்னை நகரத்து மருத்துவமனைகளின் வரலாற்றையும் அந்த வரிசையிலேயே பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. கவர்னர்களின் பெயர்களையும் கட்டடங்களின் பெருமையையும் சொல்வதே வழக்கம். இன்று நான் இரண்டு வினாக்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இம்மருத்துவமனைகளின் வாயில் எந்தக் காலத்தில் யாருக்குத் திறந்திருந்தது? உள்ளே சென்று படுத்தவர்கள் மருத்துவர்களுக்கு எதைக் கற்பித்தார்கள்?

1664ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில், புனித ஜார்ஜ் கோட்டையின் தலைவராக இருந்த சர் எட்வர்டு விண்டர் என்பவரின் முயற்சியால், கோட்டைக்குள் ஒரு சிறு மருத்துவமனை தோன்றியது. கிழக்கிந்தியக் கம்பெனியின் படைவீரர்கள் நோயுற்றால் படுப்பதற்கென ஏற்பட்ட இடம் அது. கோட்டைக்கு வெளியே வாழ்ந்த நெசவாளருக்கும் படகோட்டிக்கும் அதனுள் இடமில்லை. 1690ஆம் ஆண்டில் கவர்னர் எலிஹு யேல் அதற்குக் கோட்டைக்குள்ளேயே புதிய இடம் தந்தார். பின்னர் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் போரிட்ட காலத்தில் அது கோட்டையை விட்டு வெளியேறிப் பல்லாண்டுகள் இடம் மாறி அலைந்தது. 1772ஆம் ஆண்டில் இன்றுள்ள இடத்திற்கு வந்து நிலைபெற்றது. அப்போது சென்ட்ரல் நிலையம் இல்லை. அது எழும்ப இன்னும் நூறு ஆண்டுகள் இருந்தன.

இஃது ஒரு தொடக்கம். சென்னைக்கு மற்றொரு தொடக்கமும் உண்டு. அதன் பெயரே ஒரு கதை சொல்லும். வடசென்னையின் முதியவர்கள் ஸ்டான்லி மருத்துவமனையைக் ‘கஞ்சித் தொட்டி ஆசுபத்திரி’ என்று அழைப்பதுண்டு. 1780ஆம் ஆண்டில் ஹைதர் அலியின் படை சென்னையைச் சூழ்ந்த நாட்டுப்புறங்களிற் பரவியது. வயல்கள் அழிந்தன, பஞ்சம் தலைவிரித்தாடியது, ஊர்களை விட்டு மக்கள் நகரத்தை நோக்கி வந்தனர். பசித்து வந்தோர்க்குக் கஞ்சி வார்க்க 1782ஆம் ஆண்டில் ஒரு சத்திரம் ஏற்பட்டது. மணியக்காரரின் மேற்பார்வையில் நடந்தமையால் மணியக்காரர் சத்திரம் என்று பெயர் பெற்றது. பெரிய தொட்டிகளில் கஞ்சியை ஊற்றி வைத்து வழங்கியதால் கஞ்சித் தொட்டி என்றும் வழங்கலாயிற்று.

பசித்தவன் இருக்கும் இடத்தில் பிணியாளனும் இருப்பான் அல்லவா? 1799ஆம் ஆண்டில் ஜான் அண்டர்வுட் என்னும் மருத்துவர் இந்நாட்டு மக்களுக்கென ஒரு மருத்துவ விடுதியைத் தொடங்கினார். பின்னர் விடுதியும் சத்திரமும் இணைந்தன. காலப்போக்கில் அது இராயபுரம் மருத்துவமனையாக வளர்ந்தது. அங்கே மருத்துவப் பள்ளியும் அமைந்தது. அப்பள்ளி கவர்னர் சர் ஜார்ஜ் ஸ்டான்லியின் பெயரைப் பெற்று, 1938ஆம் ஆண்டில் கல்லூரியாக உயர்ந்தது. கோட்டை மருத்துவமனை படைவீரனுக்காகப் பிறந்தது. இதுவோ பஞ்சத்தில் அடிபட்டவனுக்காகப் பிறந்தது. ஒரு மருத்துவக் கல்லூரிக்கு ஒரு கஞ்சித் தொட்டி முன்னோராக இருந்தது என்பதை அங்கே பயிலும் ஒவ்வொரு மாணவரும் பெருமையோடு நினைக்க வேண்டும்.

இவ்விரண்டையும் தவிர, தனித்தனிப் பிணிகளுக்கெனச் சென்னையில் எழுந்த மருத்துவமனைகள் பல. மனநோயாளர்க்கான விடுதியை 1794ஆம் ஆண்டில் வாலண்டைன் கொனலி என்னும் மருத்துவர் புரசைவாக்கத்தில் தொடங்கினார். அதன் வழிவந்ததே இன்றைய கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை. 1819ஆம் ஆண்டில் ரிச்சர்ட்சன் என்பவரைக் கொண்டு கண் மருத்துவமனை ஏற்பட்டது. இலண்டனில் உள்ள மூர்பீல்ட்ஸ் கண் மருத்துவமனைக்கு அடுத்தபடியாக உலகிலேயே பழமையானது என்று அதனைப் போற்றுவர். 1844ஆம் ஆண்டில் மகப்பேற்று மருத்துவமனை தொடங்கிற்று. இக்கண் மருத்துவமனையும் மகப்பேற்று மருத்துவமனையும் இன்று எழும்பூரில் உள்ளன.

இனி, கல்வியின் கதைக்கு வருவோம். பொது மருத்துவமனையில் மார்ட்டிமர் என்பார் தம் பொறுப்பில் ஒரு பயிற்சிக் கூடத்தை நடத்தி வந்தார். அதுவே அரசாங்கத்தின் மருத்துவப் பள்ளியாகி, 1835ஆம் ஆண்டு பிப்ரவரி 2ஆம் நாள் கவர்னர் சர் பிரெடரிக் ஆடம் அவர்களால் திறந்துவைக்கப்பட்டது. கல்கத்தா மருத்துவக் கல்லூரி தோன்றியதும் அதே ஆண்டு சனவரி இறுதியில்தான்; இரண்டுக்கும் இடையே சில நாள்களே. படைகளுக்கு வேண்டிய துணை மருத்துவர்களை ஆயத்தம் செய்வதே சென்னைப் பள்ளியின் முதல் நோக்கம். 1850ஆம் ஆண்டில் பள்ளி கல்லூரியாயிற்று. 1857ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியபின் பட்டக் கல்விக்கு வழி பிறந்தது. இவ்வாறு இந்நாட்டு இளைஞர்கள் மேலை மருத்துவத்தை முறையாகப் பயிலத் தொடங்கினர். ஆயினும் பெண்களுக்கு அந்தக் கல்லூரி வாயில் இன்னும் அடைத்தே கிடந்தது.

அந்த வாயிலைத் தட்டியவர் மேரி ஷார்லிப் என்னும் அம்மையார். சென்னையில் வழக்கறிஞராக இருந்த கணவரோடு 1866ஆம் ஆண்டில் இங்கே வந்தவர். பேறுகாலத்தில் பெண்கள் படும் துன்பத்தை இங்கே அவர் கேட்டறிந்தார். கோஷா முறையைக் கைக்கொண்ட குடும்பங்களில், உயிர் போகும் நேரத்திலும் ஆண் மருத்துவர் முன்னே வர மகளிர் உடன்படமாட்டார்கள். மருத்துவமனை இருந்தது, மருந்தும் இருந்தது. ஆனால் இரண்டும் அப்பெண்களுக்கு இல்லாதவை போலவே ஆயின. பெண் மருத்துவர் இருந்தாலன்றி இதற்கு முடிவில்லை என்று அம்மையார் துணிந்தார். அப்போது மருத்துவத் துறையின் தலைமைப் பொறுப்பில் இருந்த எட்வர்டு பால்பர் என்னும் அறிஞர் அவருக்குத் துணை நின்றார். 1875ஆம் ஆண்டில் அம்மையாரும் வேறு மூன்று பெண்களும் சென்னை மருத்துவக் கல்லூரியில் மாணவியராகச் சேர்ந்தனர்.

அந்த ஆண்டை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். எடின்பரோ நகரில் மருத்துவம் பயிலச் சென்ற பெண்கள்மீது 1870ஆம் ஆண்டில் ஒரு கூட்டம் சேற்றை வாரி எறிந்தது. இலண்டன் பல்கலைக்கழகம் பெண்களுக்குப் பட்டம் வழங்க இசைந்தது 1878ஆம் ஆண்டில்தான். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே சென்னையில் பெண்கள் மருத்துவ வகுப்பில் அமர்ந்துவிட்டார்கள்! மேரி அம்மையார் இங்கே தேர்ச்சி பெற்று, இலண்டன் சென்று மேற்பட்டமும் பெற்று, 1883ஆம் ஆண்டில் மீண்டும் சென்னைக்கு வந்தார். 1885ஆம் ஆண்டில் கோஷா மகளிர்க்கென ஒரு மருத்துவமனையைத் தோற்றுவித்தார். திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என்று இன்று விளங்குவது அதுவே. கோஷா ஆசுபத்திரி என்றால்தான் பலருக்கு விளங்கும். வைத்தியரைத் தேடி வரமுடியாத நோயாளிகள்தாம் அந்த மருத்துவமனையை உண்டாக்கினார்கள் என்று சொல்லலாம். அவர்கள் கற்பித்த பாடம், மருந்து மட்டும் போதாது. நோயாளி கூச்சமின்றி வரத்தக்க இடமும் வேண்டும் என்பது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னைப் பொது மருத்துவமனையில் நடந்த ஒரு கண்டுபிடிப்பைச் சொல்கிறேன். காலா அசார் என்றொரு கொடுங்காய்ச்சல் உண்டு. நோயாளி நாளுக்கு நாள் மெலிவான். மண்ணீரல் பெருத்து வயிறு வீங்கும். மருந்தின்றி விட்டால் மரணமே முடிவு. வங்கத்திலும் அசாமிலும் ஊர்களையே இது வெறுமையாக்கியது. மலேரியாவின் ஒரு வகையாக இருக்கலாம் என்று பலர் எண்ணியிருந்தனர். சென்னை மருத்துவக் கல்லூரியின் பேராசிரியரும் பொது மருத்துவமனையின் மருத்துவருமான சார்லஸ் டானவன், 1903ஆம் ஆண்டில், இறந்த நோயாளிகளின் மண்ணீரலை நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது முட்டை வடிவான நுண்ணிய உருவங்களைக் கண்டார். பிணத்தில் கண்டவை உயிர் போனபின் தோன்றிய மாறுதல்களாகவும் இருக்கலாம் அல்லவா? இந்த ஐயத்தைத் தீர்க்க வேண்டுமானால், உயிரோடிருக்கும் நோயாளியிடமும் அவற்றைக் காண வேண்டும். அவ்வாண்டு சூன் 17ஆம் நாள், பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனின் மண்ணீரலில் ஊசியைச் செலுத்தி எடுத்த குருதியில் அதே உருவங்களை டானவன் கண்டார். ஐயம் தீர்ந்தது.

ஏறத்தாழ அதே காலத்தில் இங்கிலாந்தில் லீஷ்மன் என்னும் மருத்துவரும், வங்கத்து டம்டம்மில் நோயுற்று இறந்த ஒரு போர்வீரனின் மண்ணீரலில் தாம் கண்டதை வெளியிட்டிருந்தார். மலேரியா ஆராய்ச்சியால் புகழ்பெற்ற ரொனால்டு ராஸ், அவ்விருவர் பெயரையும் இணைத்து அந்த ஒட்டுண்ணிக்கு ‘லீஷ்மேனியா டானவனி’ என்று பெயர் சூட்டினார். நோயின் காரணம் தெரிந்தபின் மருந்து தேடுவது எளிதாயிற்று. 1920க்குப் பின் கல்கத்தாவில் உபேந்திரநாத் பிரம்மசாரி கண்ட மருந்து எண்ணற்ற உயிர்களைக் காத்தது. டானவனின் பெயரை உலகத்து மருத்துவ நூல்கள் அனைத்தும் சொல்கின்றன. ஊசியின் வலியைப் பொறுத்துக்கொண்டு படுத்திருந்த அந்தச் சிறுவனின் பெயரை எந்தப் பாடநூலும் சொல்வதில்லை. ஆனால் அவனும் அந்தக் கண்டுபிடிப்பில் பங்காளியே. உங்களுள் சிலர் அவனுடைய வயதினர். ஆகவேதான் அவனை உங்களுக்கு நினைவூட்டினேன்.

1907ஆம் ஆண்டில் புதுக்கோட்டையிலிருந்து ஓர் இளம்பெண் சென்னை மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். அவர்தாம் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. முன்னரே, ஆண்கள் மட்டும் பயின்ற புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் எதிர்ப்புகளுக்கிடையே இடம் பெற்றுப் படித்தவர். 1912ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். 1927ஆம் ஆண்டில் சென்னைச் சட்டசபையின் முதல் பெண் உறுப்பினராகித் துணைத்தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். தேவதாசி முறையை ஒழிக்க அவர் ஆற்றிய பணி நாடறிந்தது. அவருடைய தங்கை புற்றுநோயால் வருந்தி மாண்டார். தாம் மருத்துவராக இருந்தும் உடன்பிறந்தவளைக் காக்க இயலாத துயரம் அவர் உள்ளத்தில் தங்கிவிட்டது. புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை வேண்டும் என்பதை, 1935ஆம் ஆண்டில் மருத்துவக் கல்லூரி நூற்றாண்டு விழாக் கொண்டாடியபோதே அவர் எடுத்துரைத்தார். புற்றுநோய் வந்தவர் எப்படியும் இறப்பவர்தாமே, அவர்களுக்கு மருத்துவமனை எதற்கு என்று கேட்டவர்களும் உண்டு.

அந்தக் கேள்விக்குத் தங்கையின் படுக்கையருகே அவர் முன்பே விடை கண்டிருந்தார். ஊர் ஊராகப் பொருள் திரட்டினார். 1952ஆம் ஆண்டில் பண்டித நேரு அவர்கள் அடையாற்றில் அடிக்கல் நாட்டினார். 1954ஆம் ஆண்டு சூன் 18ஆம் நாள் பன்னிரண்டு படுக்கைகளோடு புற்றுநோய் நிலையம் திறக்கப்பட்டது. அம்மையாரின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அதைக் கட்டி வளர்த்தார். 1955ஆம் ஆண்டில் அவரோடு வந்து சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021ஆம் ஆண்டில் மறையும் வரை அந்நிலையத்தையே தம் இல்லமாகக் கொண்டு வாழ்ந்தார். காசில்லாதவர்க்கும் அங்கே சிகிச்சை உண்டு என்பது இருவரும் காத்த அறம்.

இந்தியர்கள் கல்லூரியில் மாணவராகச் சேர்ந்துவிட்ட போதிலும், அதன் உயர்ந்த பதவிகள் நெடுங்காலம் அவர்களுக்கு எட்டவில்லை. ஆயினும் திறமையை எத்தனை நாள் மறைத்து வைக்க இயலும்? அறுவை மருத்துவத்தில் டாக்டர் ரங்காச்சாரியார் புகழ் பெற்றார். வெளியூர் நோயாளிகளைக் காணச் சொந்த விமானத்திலேயே பறந்து சென்றவர் அவர். 1934ஆம் ஆண்டில் காலமானார். பொது மருத்துவமனையின் முன்னே நிற்கும் சிலை அவருடையதே. நோயறியும் நுட்பத்தில் டாக்டர் எம். ஆர். குருசாமி முதலியார் மாணவர்களால் தெய்வம்போல் போற்றப்பட்டார். மகப்பேற்று மருத்துவத்தில் பேரறிஞரான டாக்டர் ஆ. இலட்சுமணசுவாமி முதலியார், 1939ஆம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரியின் முதல்வரானார். அப்பதவியில் அமர்ந்த முதல் இந்தியர் அவரே. பள்ளி தொடங்கிய ஆண்டிலிருந்து கணக்கிட்டுப் பாருங்கள். அந்த ஒரு நாற்காலியை எட்ட 104 ஆண்டுகள் ஆயின! பின்னர் 1942ஆம் ஆண்டு முதல் 27 ஆண்டுகள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் அவர் விளங்கினார்.

விடுதலைக்குப் பின் சென்னை உலகுக்குக் கற்பித்த பாடங்கள் இரண்டைச் சொல்லி மேலே செல்கிறேன். முதலாவது காசநோயைப் பற்றியது. காசநோய் கண்டவரைக் குடும்பத்தினின்று பிரித்து, நல்ல காற்றும் நல்ல உணவும் உள்ள சானடோரியத்தில் மாதக்கணக்கில் வைத்திருந்தால்தான் பிழைப்பர் என்பது அக்காலத்து நம்பிக்கை. அத்தனை பேருக்கும் படுக்கை எங்கே? நாட்டில் நோயாளிகள் இலட்சக்கணக்கில்; படுக்கைகளோ மிகச் சில. 1956ஆம் ஆண்டில் சென்னைச் சேத்துப்பட்டில் ஓர் ஆய்வு நிலையம் ஏற்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும், சென்னை அரசாங்கமும், உலகச் சுகாதார நிறுவனமும், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் அதில் ஒத்துழைத்தன. நகரத்தின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த நோயாளிகளுள் ஒரு பகுதியினரைச் சானடோரியத்தில் சேர்த்தனர். மற்றொரு பகுதியினரை வீட்டிலேயே இருக்கச் செய்தனர். இரு பகுதியினர்க்கும் ஓராண்டுக் காலம் ஒரே மருந்துகளை அளித்தனர்.

1959ஆம் ஆண்டில் முடிவு வெளியாயிற்று. நெருக்கமான குடியிருப்பில், குறைந்த உணவோடு, வீட்டிலேயே இருந்தவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு ஏறக்குறைய நிகராகவே குணமடைந்திருந்தனர்! அவர்கள் வீட்டிலிருந்ததால் குடும்பத்தாரிடம் நோய் மிகுதியாகப் பரவவும் இல்லை. மருந்தை முறைதவறாமல் உட்கொள்வதே குணத்தின் திறவுகோல் என்பது புலனாயிற்று. உலகம் காசநோய்க்கு மருத்துவம் செய்யும் முறையையே இந்த ஆய்வு மாற்றிவிட்டது. குழந்தைகளைப் பிரிந்து போக வேண்டிய தாய்மார்கள் எத்தனையோ பேர் வீட்டிலேயே இருந்து பிழைத்தனர். இதைக் கற்பித்தவர் யார்? ஓராண்டுக் காலம் தவறாமல் வந்து மருந்து வாங்கிச் சென்ற சென்னையின் ஏழை நோயாளிகளே.

இரண்டாவது, 1986ஆம் ஆண்டில் நடந்தது. எய்ட்ஸ் என்பது மேலைநாட்டு நோய், நம் நாட்டில் அதற்கு இடமில்லை என்று அப்போது பலர் எண்ணியிருந்தனர். சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்த டாக்டர் சுனிதி சாலமன், தம்மிடம் பட்டமேற்படிப்புப் பயின்ற நிர்மலா என்னும் மாணவியிடம் அதனை ஆராய்ந்து பார்க்கும் பணியை ஒப்படைத்தார். சமூகம் ஒதுக்கி வைத்திருந்த பெண்களை அம்மாணவி நேரிற்சென்று கண்டு, குருதி மாதிரிகளைத் திரட்டினார். சேமித்து வைக்க வசதி போதாமையால் தம் வீட்டுக் குளிர்ப்பெட்டியிலேயே அவற்றைப் பாதுகாத்தார். வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் சோதித்தபோது, ஆறு மாதிரிகளில் அந்நோயின் கிருமிக்கான அறிகுறி தென்பட்டது. இந்தியாவில் அந்நோய்க் கிருமியை முதன்முதலாக வெளிப்படுத்திய சோதனை அதுவே. நாடு விழித்துக்கொண்டது. ஒரு மாணவியின் ஆய்வேட்டிற்காகத் தொடங்கிய பணி அது என்பதைக் கல்லூரி மாணவர்கள் கருத்திற்கொள்ள வேண்டும். அந்த ஆறு பெண்களும், முன்னே நாம் கண்ட சிறுவனைப் போலவே, பெயர் அறியப்படாத ஆசிரியர்கள்.

நிற்க. இவ்வளவும் நூலறிவு. என் உள்ளத்தில் இந்தக் கருத்து ஊன்றியது நூலால் அன்று, என் தாயாரால். நான் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் பயின்ற காலம். என் தாயாருக்கு நெஞ்சில் வால்வு சுருங்கிய நோய். பொது மருத்துவமனை ஒன்றில் சேர்த்திருந்தோம். ஒருநாள் பேராசிரியர் மாணவர் பத்துப்பேரோடு வந்தார். தாயாரிடம் இசைவு கேட்டுக்கொண்டு, நோயின் தன்மையை விளக்கினார். பின்னர், இதய ஒலியைக் கேட்டறியுமாறு மாணவரைப் பணித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குச் சென்றார். ஒருவர்பின் ஒருவராக மாணவர்கள் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டனர். ஏழெட்டுப் பேர் ஆனதும் தாயார் களைத்துப்போனார். எனக்குச் சினம் மூண்டது. “என் தாயார் என்ன காட்சிப் பொருளா? போதும், நிறுத்துங்கள்” என்று கூறிவிட்டேன். கடைசியாக நின்ற இளைஞன் முகம் வாடிப் பின்வாங்கினான்.

என் தாயார் கையசைத்து அவனை அழைத்தார். “நீ வா தம்பி. நீயும் கேட்டுக்கோ. நாளைக்கு வேற ஒருத்திக்கு உதவும்” என்றார். அவன் கருவியைத் தன் உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கி, மெல்ல வைத்துக் கேட்டான். முடித்ததும் போர்வையை இழுத்து மூடிவிட்டு, கைகூப்பிச் சென்றான். அவர்கள் போனபின் தாயார் என்னைப் பார்த்து, “நீ தினமும் பள்ளிக்கூடத்துல போய் யாரை வச்சுப் பாடம் சொல்லப் பழகுறே?” என்று கேட்டார். நான் தலை குனிந்தேன். அந்த மாதங்களில் மாதிரிப் பள்ளிச் சிறுவர்களைக் கொண்டுதான் நான் கற்பிக்கப் பழகிக்கொண்டிருந்தேன். என் பிழைகளையெல்லாம் பொறுத்துக்கொண்டு அமர்ந்திருந்த அந்தச் சிறுவர்களின் இசைவை நான் ஒருநாளும் கேட்டதில்லை, நன்றியும் சொன்னதில்லை.

தாயார் அதற்குப் பின் இரண்டாண்டுகளே இருந்தார். அந்த இளைஞன் பின்னர் எங்கே மருத்துவரானானோ அறியேன். ஆனால் எங்கோ ஒரு நோயாளியின் நெஞ்சில், சூடாக்கிய கருவியை மெல்ல வைத்து அவன் கேட்டிருப்பான்; கேட்டபோது அவன் காதில் விழுந்ததில் என் தாயார் கற்பித்ததும் ஒரு பங்கு இருந்திருக்கும். முப்பதாண்டுக்கு மேல் ஆசிரியனாக இருந்த நான், என் தாயாரைவிடச் சிறந்த பாடம் ஒன்றை வகுப்பில் நடத்தினேன் என்று சொல்லமாட்டேன்.

மாணவச் செல்வங்களே! உங்களுள் மருத்துவக் கல்லூரிக்குச் செல்ல விரும்புவோர் பலர் இருக்கலாம். அங்கே போட்டி மிகுதி. மதிப்பெண்ணைப் பற்றிய கவலையும் மிகுதி. அக்கல்லூரியில் இடம் பெறுவதற்கு உங்கள் உழைப்பும் பெற்றோரின் துணையும் காரணம் என்பதில் ஐயமில்லை. ஆனால் உள்ளே சென்றபின் உங்களுக்குக் கிடைக்கும் கல்வி, பெரும்பாலும் ஏழைகள் அளிக்கும் கொடை. வசதி படைத்தோர் தனி அறைகளைத் தேடிச் செல்வர்; பொது வார்டில் படுத்துத் தம் உடலையே பாடநூலாகத் திறந்து காட்டுவோர் அவ்வசதி இல்லாதவர்கள். அவர்களுக்கு நீங்கள் செலுத்த வேண்டிய கட்டணம் கல்லூரி அலுவலகத்தில் வாங்கப்படுவதில்லை. தொடுமுன் இசைவு கேட்பதும், பெயர் சொல்லி அழைப்பதும், போர்வையை மூடிவிட்டு வருவதும் அதன் முதல் தவணை. படித்து முடித்தபின், உங்கள் வாயிலுக்கு வெளியே நிற்பவர் யார் என்று பார்த்து அதனைத் திறந்துவிடுவதே எஞ்சிய தவணை. மேரி அம்மையாரும் முத்துலட்சுமி அம்மையாரும் அதைத்தான் செய்தார்கள்.

மருத்துவம் பயிலாத மற்றவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சென்ட்ரல் நிலையத்தை விட்டு வெளியே வரும்போது, சாலைக்கு அப்பால் ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள். 1664ஆம் ஆண்டில் படைவீரர்க்கு மட்டும் திறந்த வாயில், இன்று துணிப்பையோடு வரும் எவர்க்கும் திறந்திருக்கிறது. அவர்களுள் ஒருவர் இன்று யாரோ ஒரு மாணவனுக்குப் பாடம் சொல்லப் போகிறார்.